கண்ணாடி அலமாரிக்குள் இருபத்தெட்டு வோல்ட்

பொத்தானை அழுத்தாத வரை ஐந்து ரேடியோக்களும் நல்ல பிள்ளைகளாகவே இருந்தன.

விமான ரேடியோக்களைச் சோதிக்கும் பட்டறையின் மேசைக்காரர் முதல் ரேடியோவைச் சோதனை மேசைமேல் வைத்து, கம்பிகளை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். முகப்பில் பச்சை எண்கள் எரிந்தன. ஹெட்போனில் 'உஸ்' என்று இரைச்சல் வந்தது. இரைச்சல் வந்தால் ரேடியோவுக்குக் காது கேட்கிறது என்று பொருள். வாய் பேசுகிறதா என்று பார்க்க மைக்கின் பொத்தானை அழுத்தினார். பச்சை எண்கள் பொசுக்கென்று அணைந்தன. விரலை எடுத்ததும், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எரிந்தன. இரண்டாவது ரேடியோவும் இதையே செய்தது. மற்ற மூன்றும், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுபோல, இதையே செய்தன.

ஐந்து ரேடியோக்கள், ஐந்து வெவ்வேறு விமானங்களிலிருந்து கழற்றப்பட்டவை. ஐந்துக்கும் ஒரே நோய் எப்படி வரும்? மேசைக்காரர் பவர் சப்ளையின் மீட்டரைப் பார்த்தார். இருபத்தெட்டு வோல்ட். அழுத்துவதற்கு முன்னும் இருபத்தெட்டு, அழுத்தும்போதும் இருபத்தெட்டு, விட்ட பிறகும் இருபத்தெட்டு. முள் அசையவே இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, எதைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும் ஆளைப்போல அது நின்றுகொண்டிருந்தது.

இந்தப் பவர் சப்ளை என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பறக்கும் விமானத்தில் இன்ஜினோடு சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் சுற்றும். அது கொடுக்கும் இருபத்தெட்டு வோல்ட்டைக் குடித்துத்தான் ரேடியோ உயிர்வாழ்கிறது. ரேடியோவைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் இங்கே ஜெனரேட்டர் கிடையாது. சுவரில் இருப்பது வீட்டு மின்சாரம். அதை இருபத்தெட்டாகக் குறைத்து, தட்டையாக்கி, சுத்தப்படுத்தி மேசைக்கு அனுப்புகிற பெட்டிதான் பவர் சப்ளை. இன்னும் நீ விமானத்துக்குள்தான் இருக்கிறாய் என்று ரேடியோவை நம்பவைப்பது மட்டுமே அதன் வேலை. அந்த நம்பிக்கை குலைந்தால் அதன் பிறகு நடக்கும் எந்தச் சோதனைக்கும் அர்த்தம் இல்லை.

ஐந்தில் நான்கு வழக்கமான சோதனைக்காகக் கழற்றப்பட்டவை. ஒன்று மட்டும் மேசைக்காரருடைய தங்கையின் விமானத்திலிருந்து வந்தது. சாலை போகாத ஊர்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் சின்ன விமானத்தின் பைலட் அவள். மலைக்கு மேலே மேகத்துக்குள் இருந்தபோது அவளுடைய ரேடியோ ஊமையாகிவிட்டது. பின்னால் படுக்கையில் ஒரு கர்ப்பிணி. எதிரே எந்த விமானம் வருகிறது, ஓடுபாதை காலியா, யாரிடமும் கேட்க முடியாமல் இறக்கினாள். இறக்கியதும் ரேடியோவைக் கழற்றி, 'சூடானால் ஊமையாகிவிடுகிறது' என்று தன் கையால் ஒரு சீட்டு எழுதிக் கட்டி அனுப்பினாள்.

அந்தச் சீட்டு இப்போது இல்லை. ஒரு பொருளுக்கு ஒரு சீட்டுதான் இருக்கலாம் என்பது விதி. மேசைச் சோதனையில் ஐந்தும் தோற்றதால் ஐந்திலும் 'பொத்தானை அழுத்தினால் அணைகிறது' என்ற புதுச் சிவப்புச் சீட்டு தொங்கவிடப்பட்டது. பழையவை விதிப்படி கிழிக்கப்பட்டன. வரிசை எண் தகடு இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. தகடுகளில் கீறல் தெரிகிறது என்று தர அதிகாரி ஐந்தையும் பிடுங்கி, புதிதாகப் பொறித்து வர அனுப்பியிருந்தார். அவை போன இடத்திலிருந்து இன்னும் வரவில்லை.

ஆக, நிஜமாகவே நோய்வாய்ப்பட்ட ரேடியோ ஒன்றும், நோயாளிபோல் நடிக்கும் ரேடியோக்கள் நான்கும் ஒரே அலமாரியில் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தன. இவற்றில் ஒன்றுதான் தங்கையின் விமானத்துக்குத் திரும்பிப் போகப்போகிறது.

"எதுன்னு கண்டுபிடிச்சிட்டியா அண்ணா?" என்று சாப்பிடும்போது தங்கை கேட்டாள். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சமையல் அவர், பாத்திரம் அவள்.

"இல்லம்மா. அஞ்சும் அணையுது."

"அஞ்சு பேரும் ஒரே மாதிரி இருமினா டாக்டர் என்ன நினைக்கணும்? அறையில புகை இருக்கான்னு பார்க்கணும். நீ அஞ்சு பேருக்கும் மாத்திரை எழுதிக் குடுத்துருவ போலிருக்கே."

"மீட்டர்ல இருபத்தெட்டு நிக்குதே!"

"உன் மீட்டர் நிக்கும். நாளைக்கு நான் மேல போய் ஊமையா நிப்பேன்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது சமையலறையில் ஃபிரிட்ஜ் மோட்டார் 'டக்' என்று கிளம்பியது. தலைக்கு மேலிருந்த குண்டு பல்பு ஒரு கண் சிமிட்டிவிட்டுப் பழையபடி எரிந்தது.

மேசைக்காரர் சோற்றில் கைவைத்தபடி பல்பைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அது சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்தான் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் செய்தது மிகச் சிறிய காரியம். ரேடியோவுக்குப் போகும் அதே இரண்டு கம்பிகளில் ஒரு விமான பல்பையும் சேர்த்துக் கட்டினார். பொத்தானை அழுத்தினார். பல்பு சட்டென்று மங்கி மீண்டது. மீட்டர் முள் இருபத்தெட்டிலேயே நின்றது.

விஷயம் இதுதான். கேட்கும்போது ரேடியோ சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் குடிக்கும். பேசத் தொடங்கிய கணத்தில் பத்து மடங்குக்கு மேல் கேட்கும். அந்தத் திடீர்த் தாகத்தைச் சமாளிக்கப் பவர் சப்ளைக்குள் கெபாசிட்டர் என்று ஒரு பாகம் உண்டு. அடுக்களையில் நிரப்பி வைத்த குடம் மாதிரி. குழாயில் தண்ணீர் வந்து சேரும்வரை குடத்திலிருந்து மொண்டுகொள்ளலாம். இந்தப் பழைய பெட்டியின் குடம் எப்போதோ காய்ந்துவிட்டது. போதாததற்கு, பெட்டியிலிருந்து மேசைக்கு வரும் கம்பி நீளமாகவும் நூல் மாதிரி மெலிசாகவும் இருந்தது. பொத்தானை அழுத்திய கணம் வோல்ட் பள்ளத்தில் விழுகிறது. ரேடியோ மயங்குகிறது. மயங்கியதும் குடிப்பதை நிறுத்துகிறது. வோல்ட் எழுந்து நிற்கிறது. இவ்வளவும் முள் தன் உடம்பைத் தூக்கி நகர்வதற்குள் முடிந்துவிடுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்து கெபாசிட்டரை மாற்றினால் முடிந்தது. ஆனால் அதன் மூடியில், திறந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று தரப்பிரிவு முத்திரை ஒட்டியிருந்தது. அதனால் மேசைக்காரர், நம்பகமான ஒரு பவர் சப்ளை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு, அந்த வாக்கியத்தில் 'நம்பகமான' என்ற சொல்லைச் சேர்த்தது.

தேர்வுக் குழு கூடியது. தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பட்டறையில் 'முப்பது வருஷம்' என்று பெயர். எந்த வாக்கியத்தையும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். அவருக்கு வலப்பக்கம் தர அதிகாரி. கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்குவதால் அந்த அம்மாளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர், நேரில் மட்டும் 'மேடம்'. இடப்பக்கம் ஸ்டோர்காரர். அவர் உறுப்பினர் அல்ல. தேர்வுக் குழு உட்காரும் நாற்காலிகள் ஸ்டோருடையவை என்பதால் அவற்றோடு வந்தவர்.

"முப்பது வருஷமா நான் எத்தனையோ பொருள் வாங்கியிருக்கேன்," என்றார் தலைவர். "ஆனா ஒருத்தரும் நம்பகமான பொருள் வேணும்னு கேட்டதில்ல. இதுதான் முதல் தடவை. அதனால நம்பகம்னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும்."

"சார், திடீர்னு பாரம் ஏறினாலும் வோல்ட் இறங்காம நிக்கணும்," என்றார் மேசைக்காரர்.

"அது நடத்தை. நான் நம்பகத்தைக் கேக்கிறேன்."

மேடம் பூதக்கண்ணாடியைத் தூக்கிப் பேசினார். "புகார் வராததுதான் நம்பகம். நம்மகிட்ட இருக்கிற பழைய சப்ளை மேல இதுவரைக்கும் ஏதாவது புகார் வந்திருக்கா?"

"நான்தான் இப்போ குடுத்திருக்கேனே, மேடம்."

"நீங்க புதுசு வேணும்னு கேட்டிருக்கீங்க. பழசு சரியில்லன்னு எழுதலையே. அப்படி எழுதினா அதை வச்சு இத்தனை வருஷம் பாஸ் பண்ணின எல்லாத்தையும் என்ன பண்றது? எல்லா விமானத்தையும் கீழ இறக்கச் சொல்றீங்களா?"

யாரோ தண்ணீர் குடித்தார்கள்.

"அவர் அப்படிச் சொல்லல," என்று தலைவர் பெருந்தன்மையோடு காப்பாற்றினார். "பழசும் நம்பகமானது. புதுசு அதைவிட நம்பகமா இருக்கணும். இதை இப்படியே பதிவு பண்ணிக்கலாம்."

அப்போதே இன்னொரு காரியமும் நடந்தது. மேசைக்காரர் உதாரணத்துக்காக ஐந்து ரேடியோக்களையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார். மேடம் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், மூன்றாவதில் நின்றார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் ஓரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"இது என்ன? இந்த நிலைமையில ஒரு பொருளை விமானத்துல வைக்க முடியுமா? உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்ங்க!"

"குமிழைக் கழட்டிட்டு வேற போட்டுரலாம், மேடம். ரெண்டு நிமிஷ வேலை."

"கண்ணுக்குத் தெரியிற பழுதுக்கு மன்னிப்பே கிடையாது. விதி அப்படி."

அன்று மாலைக்குள் அந்த ரேடியோ கழிவுக் கிடங்கின் நசுக்கும் இயந்திரத்துக்குள் போய், சப்பாத்தியாக வெளியே வந்தது. இவ்வளவு வேகமாக அந்த அலுவலகத்தில் ஒரு வேலை முடிந்து மேசைக்காரர் பார்த்ததில்லை. நசுங்கியதுதான் தங்கையின் ரேடியோவாக இருந்திருக்கக் கூடாதா என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. மீதி நான்கு அலமாரிக்குத் திரும்பின.

இதற்கிடையில் தங்கை ஒற்றை ரேடியோவோடு பறந்துகொண்டிருந்தாள். அந்த விமானத்தில் இரண்டு ரேடியோவுக்கு இடம் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று என்பதுதான் ஏற்பாடு. மலைக்கு மேலே ஊமையான அன்று அந்த இன்னொன்று பழுதுபார்க்கப் போயிருந்தது, பிறகுதான் திரும்பி வந்தது. இப்போது ஒரு இடம் பல் விழுந்த ஈறுபோல் காலியாக இருந்தது.

"உங்க கமிட்டி எப்படிப் போகுது?" என்று அவள் கேட்பாள்.

"நம்பகம்னா என்னன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அட, என்னன்னு?"

"பழசைவிட அதிகமா இருக்கணுமாம்."

"நல்லது. நானும் மேகத்துக்குள்ள போகும்போது பழசைவிட அதிகமா சாமி கும்பிட்டுக்கிறேன்."

பவர் சப்ளைகளைச் செயல்விளக்கம் காட்ட மூன்று விற்பனையாளர்கள் வந்தார்கள். கூட்ட அறையில் வெல்வெட் விரித்த மேசையில் மூன்று பெட்டிகளும் வரிசையாக வைக்கப்பட்டன. மூன்றுக்கும் ஸ்விட்சைப் போட்டார்கள். மூன்றும் இருபத்தெட்டு காட்டின. முதல் பெட்டி 28 என்றது. இரண்டாவது 28.0 என்றது. மூன்றாவது 28.0000 என்றது. அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"பார்த்தீங்களா," என்றார் தலைவர். "முப்பது வருஷத்துல இத்தனை சைபரை நான் பார்த்ததில்ல."

ஒரு மணி நேரம் எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மாறவில்லை. மாறுவதற்குக் காரணமும் இல்லை. பெட்டியில் எதுவுமே மாட்டியிருக்கவில்லை.

மேசைக்காரர் கையைத் தூக்கினார். "சார், ஒரு ரேடியோவை மாட்டிப் பார்க்கலாமா? இல்லேன்னா ஒரு ஹீட்டர் கம்பியாவது. சும்மா இருக்கும்போது எல்லாச் சப்ளையும் இருபத்தெட்டுதான் காட்டும். பாரம் ஏறும்போதுதான் அதோட குணம் தெரியும். பெட்டியில இல்ல, ரேடியோ பக்கத்துல கம்பி முனையில வச்சு அளக்கணும். வேகமான அளவு கருவி…"

"வாங்காத பொருள் மேல பாரம் ஏத்துறதா?" மேடத்தின் குரல் உயர்ந்தது. "ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு? ஆகலேன்னாலும், சோதிச்ச பொருள் பழைய பொருள் ஆயிடும். பழைய பொருளை நாம எப்படிப் புதுசா வாங்குறது?"

"வாங்கின பிறகு சோதிக்கலாமா, மேடம்?"

"வாங்கினதுக்கப்புறம் சரியில்லன்னு தெரிஞ்சா, தேர்ந்தெடுத்த குழு தப்புன்னு ஆகாதா?"

இதை அவர் எவ்வளவு தெளிவாகச் சொன்னார் என்றால், மேசைக்காரருக்கே அதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் ஒரு கணம் தோன்றியது.

மூன்றாவது பெட்டியின் விற்பனையாளர் இடையில் புகுந்தார். "எங்க சப்ளை இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பழுதானதே இல்ல சார்."

"எத்தனை ஓடிக்கிட்டிருக்கு?" என்று ஸ்டோர்காரர் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து கேட்டார்.

"இதுதான் முதல்ல செஞ்சது."

"அப்போ நூத்துக்கு நூறு!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். நான்கு சைபர் பெட்டி ஒருமனதாகத் தேர்வானது.

பெட்டி வந்த நாளில் பட்டறை கழுவிவிடப்பட்டது. மேசைக்காரர் தன் மேசையில் இடம் ஒதுக்கி, பழைய நூல் கம்பிகளைக் கழற்றி, விரல் கனத்தில் இரண்டு குட்டைக் கம்பிகள் தயார் செய்து வைத்திருந்தார். பெட்டி மேசைக்கு வரவில்லை. நுழைவாயிலை ஒட்டிய கண்ணாடி அலமாரிக்குப் போனது. உள்ளே ஒரு சின்ன விளக்கு. பூட்டு. சாவி தலைவரிடம்.

"சார், இது மேசைக்கு…"

"வரும், வரும். அவசரப்படாதீங்க. இதுக்கு ரெண்டு வருஷம் உத்தரவாதம் இருக்கு. பயன்படுத்த ஆரம்பிச்ச நாள்லேருந்து கணக்கு. நாம ஆரம்பிக்காத வரைக்கும் உத்தரவாதம் குறையவே குறையாது. முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், ஒரு பொருளோட நம்பகத்தைக் காப்பாத்த இதைவிட நல்ல வழி கிடையாது."

திறப்பு விழாவில் தலைவர் பேசினார். "இன்று முதல் நம் பட்டறையில் நம்பகமான பவர் சப்ளை இருக்கிறது. இருக்கிறது என்பதே பெரிய விஷயம். பயன்பாடு என்பது அதற்கு அடுத்த கட்டம். அந்தக் கட்டத்துக்கு நாம் ஒருபோதும் அவசரப்பட மாட்டோம் என்று உறுதி அளிக்கிறேன்." கை தட்டினார்கள். மேசைக்காரரும் தட்டினார். தட்டிய பிறகு தன் கைகளை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அடுத்த வேலைநாள் காலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பவர் சப்ளை நம்பகமாக இல்லாததால் நான்கு ரேடியோக்கள் மேசைச் சோதனையில் தோற்றதாக மேசைப் பிரிவு தெரிவித்திருந்தது. இப்போது நம்பகமான சப்ளை வாங்கப்பட்டுவிட்டது. ஆகவே தோல்விக்கான காரணம் நீங்கிவிட்டது. ஆகவே நான்கு ரேடியோக்களும் தேறியதாக அறிவிக்கப்படுகின்றன.

சிவப்புச் சீட்டுகள் போய்ப் பச்சைச் சீட்டுகள் வந்தன. ரேடியோக்கள் அலமாரியை விட்டு அசையவே இல்லை. நேற்றுவரை நான்கும் கெட்டவை, இன்று நான்கும் நல்லவை. எது தன் தங்கையை மேகத்துக்குள் ஊமையாக்கியது என்பது மட்டும் மேசைக்காரருக்கு நேற்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அவற்றில் ஒன்று அவளுடைய விமானத்தில் ஏறப்போகிறது.

"ஏன் அண்ணா," என்றாள் தங்கை, பாத்திரம் கழுவிக்கொண்டே. "விமானம் தரையில நிக்கும்போது ஜெனரேட்டர் ஓடாது. அப்போ ரேடியோ எதுல பேசுது?"

"பேட்டரியில."

"உன் மேசையில பேட்டரி இருக்கா?"

அவர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாளா ஒரு பெட்டியை வாங்கறதுக்கு அலையிறியே. ரேடியோ ஏற்கெனவே நம்புற பொருள் ஒண்ணு இருக்கே, அதை மாட்டக் கூடாதா? மேசைக்காரர்னு பேரு வேற."

ஸ்டோரில் ஒரு விமான பேட்டரி சார்ஜில் இருந்தது. ஸ்டோர்காரர் தாடையைச் சொறிந்தார். "பேட்டரியை ஸ்டோரை விட்டு வெளிய எடுக்க மூணு கையெழுத்து வேணும். ஆனா ரேடியோவை ஸ்டோருக்குள்ள கொண்டுவர ஒண்ணும் வேணாம். புரியுதா?"

"புரியுது."

"எனக்குப் புரியல. நான் டீ குடிக்கப் போறேன்."

ஸ்டோரின் சிமென்ட் தரையில் மேசைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேட்டரி, இரண்டு தடித்த குட்டைக் கம்பி, மைக், பேசும் குரலைத் திருப்பிக் கேட்க ஹெட்போன், சாட்சிக்கு ஒரு பல்பு. பேட்டரி இருபத்தெட்டு காட்டவில்லை. இருபத்தைந்துதான் காட்டியது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விமான ரேடியோ இருபத்தைந்திலும் நிம்மதியாக வேலை செய்யும். வேண்டியது உயரம் அல்ல, உறுதி. பேட்டரி என்பது பெரிய குடம். எவ்வளவு வேகமாக மொண்டாலும் அதன் மட்டம் லேசில் இறங்காது.

முதல் ரேடியோ. பொத்தானை அழுத்தினார். பல்பு இமைக்கவில்லை. பச்சை எண்கள் ஆடாமல் நின்றன. வாய்விட்டுச் சிரித்தார். அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, பெட்டி கைக்குச் சூடாகும் வரை பேச வைத்தார். பேசியது. இரண்டாவதும் பேசியது. மூன்றாவதும் பேசியது.

நான்காவதை மாட்டினார். நசுங்கிப்போனதே நோயாளியாக இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டார். அதுவும் நன்றாகத்தான் பேசியது. சூடு ஏறியது. இன்னும் பேசியது. பிறகு பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருக்கும்போதே, பச்சை எண்களும் எரிந்துகொண்டிருக்கும்போதே, அதன் குரல் மட்டும் நின்றுபோனது. வெளியே பார்க்க முழு ஆரோக்கியம். உள்ளே ஊமை. தங்கை சீட்டில் எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே.

அவர் ஒரு சாக்பீஸ் எடுத்து அதன் தலையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார்.

"என்ன இது?" மேடம் வாசலில் நின்றிருந்தார். "பொருள் மேல கறை!"

கைக்குட்டையை எடுத்து, சாக்பீஸ் குறியைத் துடைத்துச் சுத்தமாக்கி, பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் விசாரணையையே ஆரம்பித்தார். மேசைக்காரர் அந்த ரேடியோவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார்.

தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ, அனுமதி இல்லாத பேட்டரியில சோதிச்சீங்க."

"ஆமா சார். இந்த ரேடியோ சூடானதும் ஊமையாயிடுது."

"நம்பகமான சப்ளை நம்மகிட்ட இருக்கும்போது, ஸ்டோர்ல தரையில உக்காந்து சோதிச்ச முடிவை நான் எப்படி ஏத்துக்கிறது? அந்த ரேடியோ பாஸ். பச்சைச் சீட்டு இருக்கு பாருங்க."

"சார், இது என் தங்கச்சி விமானத்துலேருந்து வந்த ரேடியோ. மேல போய் நின்னுபோச்சு. அதுல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு இருந்தா. இதேதான் சார், எனக்கு நல்லாத் தெரியும்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அந்த விமானத்தோடதா? நிச்சயமா?"

"சத்தியமா சார்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? தகடு இல்லாம எது எந்த விமானத்துச் சொத்துன்னு தெரியாம நாங்க முழிச்சுக்கிட்டிருந்தோம். ரொம்ப நன்றிங்க." மணியை அடித்தார். "வெள்ளிக்கிழமை அந்த விமானத்துக்கு இதையே மாட்டச் சொல்லுங்க. அவங்க பொருள் அவங்களுக்கே போகட்டும். முப்பது வருஷமா நான் யாரோட சொத்தையும் மாத்திக் குடுத்ததில்ல."

மேசைக்காரர் ரேடியோவை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார். அவருக்கு வாதம் செய்யத் தெரியாமல் இல்லை. எதை எதிர்த்து வாதம் செய்வது என்றுதான் தெரியவில்லை.

"இனிமே பேட்டரியைத் தொடாதீங்க," என்று தலைவர் கனிவாகச் சொன்னார். "உங்க மேசையில பழைய சப்ளை இருக்கு. அதுவும் நம்பகமானதுதான். மினிட்ஸ்லயே இருக்கு."

ஸ்டோரில் பேட்டரிக்கு ஒரு கூண்டு செய்து பூட்டினார்கள். ஸ்டோர்காரரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். "டீ குடிச்சேன்," என்று அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மேசைக்காரர் நடந்ததைச் சொன்னார். தங்கை சிரிக்கவில்லை. கேலி செய்யவும் இல்லை. "அதை மாட்டினா நான் ஓட்ட மாட்டேன்னு சொல்லிரலாம்," என்றாள். "சொன்னா வேற பைலட்டைப் போடுவாங்க. அவனுக்குத் தெரியாது. அவன் ஓட்டுவான்." கொஞ்சம் பொறுத்து, "நோயாளிக்கும் தெரியாது," என்றாள். தட்டில் இருந்ததை இருவரும் மிச்சம் வைத்தார்கள். ஃபிரிட்ஜ் கிளம்பியது. பல்பு சிமிட்டியது.

வியாழக்கிழமை மதியம், விமானத்துக்குப் போகவேண்டிய பொருட்களை மேடம் கடைசியாக ஒருமுறை பார்ப்பது வழக்கம். அவர் வருவதற்குச் சற்று முன், மேசைக்காரர் இழுப்பறையைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். பதினெட்டு வருஷமாக அவர் கையில் எந்தக் கருவியும் பழுது பார்க்கத்தான் பயன்பட்டிருக்கிறது. அந்த ரேடியோவின் ஒலிக் குமிழைப் பிளேயரின் வாயில் வைத்துப் பிடித்து அழுத்தினார். 'டிக்' என்று சின்ன சத்தம். அரிசி முனை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து மேசைமேல் விழுந்தது. அதை ஊதித் தள்ளினார்.

மேடம் வந்தார். பூதக்கண்ணாடியைத் தூக்கினார். அதிர்ந்தார்.

"குமிழ்ல சில்லு! இதைப் போய் விமானத்துல ஏத்தப் பார்த்தீங்களே! உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்னு எத்தனை தடவை சொல்றது?"

"தப்புதான் மேடம்," என்றார் மேசைக்காரர்.

மாலைக்குள் ரேடியோ நசுங்கிச் சப்பாத்தியானது. வெள்ளிக்கிழமை தங்கையின் விமானத்தில், பேட்டரியில் பேசிக் காட்டிய மூன்றில் ஒன்று ஏறியது. அவள் மேகத்துக்குள் போனாள், பேசினாள், இறங்கினாள்.

கண்ணாடி அலமாரிக்குள் 28.0000 இப்போதும் எரிகிறது. பார்வையாளர்களுக்கு அதைக் காட்டுகிறார்கள். பேட்டரி கூண்டுக்குள் இருக்கிறது. மேசையில் பழைய பெட்டி, மறுபடி மாட்டிய பழைய நூல் கம்பி. அடுத்த வாரம் இன்னும் ஆறு ரேடியோக்கள் வந்தன. ஆறும் பொத்தானை அழுத்தினால் அணைந்தன. நம்பகமான சப்ளைதான் இருக்கிறதே என்று ஆறுக்கும் பச்சைச் சீட்டு கட்டிக் கொடுத்தார்கள். அவற்றில் எது நிஜமாக ஊமை என்று கண்டுபிடிக்க மேசைக்காரருக்கு இனி வழியில்லை. கண்டுபிடித்துவிட்டால் அதைப் பறக்கவிடாமல் தடுக்க மட்டும் வழி தெரியும்: மேடம் வருவதற்கு முன், கட்டிங் பிளேயரால் குமிழின் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்துவிட வேண்டும்.